கண்ணோரத்துக் கட்டி

அன்புள்ள மாப்ளே,

பையனுக்கு என்ன என்று போனில் நீ இரண்டு தடவை கேட்டும் நான் சரியாகச் சொல்லவில்லை. பேச ஆரம்பித்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அக்கா மகனுக்கு மாசியில் இடது கண் லேசாகப் பிதுங்கியது. காவேரிப்பட்டணம் தோப்பில் மா பூத்திருந்த நேரம், ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்று அக்கா மஞ்சள் பற்றுப் போட்டாள். அப்புறம் சொட்டு மருந்து. எதற்கும் அடங்கவில்லை. பெங்களூருவில் ஸ்கேன் எடுத்தால் கண்ணுக்குப் பின்னால் கட்டி. சதை எடுத்துப் பார்த்த முதல் ரிப்போர்ட்டில் லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்று என்று வந்தது. அங்கிருந்த ரத்தநோய் டாக்டரம்மா அதோடு விடாமல், அதே சதைக்கு வேறு சாயங்கள் போட்டுத் திரும்பப் பார்க்கச் சொன்னார். அந்த அம்மாவை ஆயுசுக்கும் மறக்க மாட்டோம். வந்திருப்பது மைலாய்டு சார்க்கோமா.

ரத்தப் புற்றின் செல்கள், ரத்தம் உண்டாகும் எலும்பு மஜ்ஜைக்கு வெளியே போய்க் கட்டியாகத் திரள்வதுதான் இது. தோல், ஈறு, நிணநீர்க் கணு, முதுகெலும்பை ஒட்டி என்று எங்கே வேண்டுமானாலும் வருமாம். பிள்ளைகளுக்குக் கண்குழியில் வருவது உண்டு. 1811லேயே ஆலன் பர்ன்ஸ் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இதை எழுதிவைத்திருக்கிறார். வெட்டிப் பார்த்தால் சில கட்டிகள் பச்சையாக இருக்கும் என்பதால் 1853இல் குளோரோமா என்று பெயர் வைத்தார்கள். கிருமியைக் கொல்ல வெள்ளணுக்கள் வைத்திருக்கும் மைலோபெராக்சிடேஸ் என்ற நொதிதான் அந்தப் பச்சைக்குக் காரணம். நம் பையன் சதையில் இரண்டாம் தடவை தேடிக் கண்டுபிடித்ததும் அதையேதான்.

மாமா தடுமாறியது இதற்குப் பிறகு. ரத்தப் பரிசோதனை சரி, மஜ்ஜையும் சுத்தம். "கட்டியை மட்டும் எடுத்துட்டா போதாதா, பச்சப்புள்ளைக்கு எதுக்குக் கீமோ?" என்று கேட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, மறைக்க மாட்டேன். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: கட்டியை வெட்டினாலும் கதிர் வைத்தாலும் அந்த இடம் மட்டும்தான் சரியாகும். அதோடு நிறுத்திவிட்டால் பெரும்பாலும் சில மாதங்களிலேயே ரத்தப் புற்று தலைகாட்டிவிடும். அதனால் மஜ்ஜை சுத்தமாக இருக்கும்போதே ரத்தப் புற்றுக்கான முழு சிகிச்சையையும் கொடுக்க வேண்டும். மாமா இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த இரண்டு நாளும் இந்தக் கட்டியைவிட "ரத்தத்தில் ஒன்றுமில்லையே" என்ற அந்த வார்த்தைக்குத்தான் நான் பயந்தேன்.

இப்போது இரண்டாவது சுற்று முடிந்திருக்கிறது. கண் உள்ளே போய்விட்டது, பார்வை நன்றாக இருக்கிறது. முடி கொட்டியதைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை. வாய்ப்புண்தான் பாடாய்ப் படுத்துகிறது, கஞ்சிகூட இறங்கவில்லை. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் போய்விடலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். அக்கா பதில் சொல்லாமல் வெளியே போய்விடுகிறாள்.

உன்னிடம் ஒரு உதவி. அடுத்த சுற்றில் தட்டணு, அதாவது ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட், கட்டாயம் இறங்கும் என்கிறார்கள். எடுத்த தட்டணுவை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, முன்கூட்டியே சேர்த்து வைக்க வழியில்லை. உனக்கும் அவனுக்கும் ஒரே பி பாசிட்டிவ். ஓசூரிலிருந்து பெங்களூரு உனக்குப் பக்கம்தானே. ஷிப்டு எந்த வாரம் எது என்று மட்டும் எழுதிப் போடு, நாள் தெரிந்ததும் கூப்பிடுகிறேன். உன் கம்பெனியில் அதே குரூப்பில் இன்னும் இரண்டு பேர் கிடைத்தால் கேட்டு வை.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன் மச்சான்