பெரிய மீனுக்குச் சின்ன ஜோடி

அன்புள்ள மாப்ள,

கடிதம் கிடைத்தது. சின்னவள் கோவையில் வேலைக்குச் சேர்ந்தது ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குத்தான் முழங்கால் வலி, மழை வந்தால் கூடிவிடுகிறது.

சரி, மீன் விஷயத்துக்கு வருகிறேன். உன் தொட்டியில் மெரூன் க்ளவுன் (அடர்சிவப்புக் கோமாளி மீன்) தனியாக இருக்கிறதே என்று அதே அளவில் இன்னொன்று வாங்கி விடப்போவதாக எழுதியிருக்கிறாய். தயவுசெய்து வேண்டாம். கோமாளி மீன்கள் முதலில் ஆணாகத்தான் முதிரும். அதில் பெரியது பெண்ணாக மாறும், மாறியது திரும்ப ஆணாகாது. உன்னுடையது 5 அங்குலம் என்றால் அநேகமாகப் பெண்தான். வருவதும் பெண்ணாக இருந்துவிட்டால் ஒன்று செத்தால்தான் சண்டை ஓயும். கோமாளி மீன்களிலேயே மெரூனுக்குத்தான் முரட்டுத்தனம் அதிகம். கண்ணுக்குக் கீழே கன்னத்தில் முள் வேறு.

ஒன்றரை அங்குலக் குஞ்சாகப் பார்த்து வாங்கு. அதுவும் பண்ணையில் பொரித்ததா என்று கேட்டு வாங்கு. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்துவிட்டன. அப்புறமும் பவளப்பாறையிலிருந்து பிடித்து வந்ததை வாங்க எனக்கு மனம் வருவதில்லை.

குஞ்சை நேராகத் திறந்து விடாதே. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து அதே தொட்டிக்குள் தொங்கவிடு. பெரியது பாய்ந்து வந்து டப்பாவை முட்டும். குஞ்சு உடம்பை ஒருக்களித்துக்கொண்டு தலை முதல் வால் வரை வெடவெடவென்று நடுங்கும். பார்க்கிறவர்களுக்கு நோய் என்று தோன்றும். உண்மையில் அது பணிந்து போவதன் அடையாளம், நாம் காத்திருப்பதே அதற்குத்தான். முட்டுவது நின்று, இரண்டும் டப்பாவின் இருபுறமும் பக்கத்திலேயே கிடக்க ஆரம்பித்தால், கற்களை இடம் மாற்றி வைத்து, இரவு விளக்கை அணைத்துவிட்டுத் திறந்து விடு. காலையில் துடுப்பு கிழிந்திருந்தால் உடனே பிரித்துவிடு. வாரக்கணக்கில் ஆகலாம், அவசரப்படாதே.

ஜோடி சேர்ந்து குஞ்சும் வளர்ந்த பிறகு, மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்து வை. வாயாலேயே சுரண்டிச் சுத்தம் செய்து, ஆரஞ்சு நிறத்தில் முட்டையிடும். ஆண் பக்கத்திலேயே நின்று துடுப்பால் விசிறும், கெட்ட முட்டைகளைப் பொறுக்கி எடுக்கும். அந்த நாட்களில் தொட்டிக்குள் கை விட்டால் பெண் கடிக்கும். இந்த மூர்க்கம்தான் கடலில் முட்டைகளைக் காப்பாற்றுகிறது. எனக்கு அதன்மேல் மரியாதை.

27 டிகிரி சூட்டில் ஒரு வாரம், பத்து நாளில் முட்டைக்குள் வெள்ளிக் கண்கள் மின்னும். அன்றோ மறுநாளோ, விளக்கு அணைந்த பிறகு பொரிக்கும். டார்ச் அடித்தால் குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிக் கூடும், கிண்ணத்தால் மெதுவாக மொண்டு தனித் தொட்டியில் விடலாம். முதல் நாட்களுக்கு ரோட்டிஃபர் என்ற கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்தான் தீனி. ஆர்ட்டீமியா என்ற பொடி உப்புநீர் இறால்கூட அந்த வாய்க்குப் பெரிது. பலருக்கும் குஞ்சுகள் சாவது இந்த இடத்தில்தான், முட்டை வந்த பிறகு ரோட்டிஃபருக்கு அலைவதால். மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் வாங்கி வை.

பொங்கலுக்கு வரும்போது ரோட்டிஃபர் ஒரு பாட்டில் கொண்டு வருகிறேன். அதற்குள் ரோட்டிஃபருக்குத் தீனியாகப் பாசித் தண்ணீர் வளர்த்து வை. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்