ஈரத்துணியை எங்கே உலர்த்துவது? மான்செஸ்டர் வீட்டு உரிமையாளர்களுக்கும் முகவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஃபாலோஃபீல்டு, ரஷோம், விதிங்டன் பக்கம் மாணவர்களுக்கு வீடு விடும் பெரியோர்களே, வணக்கம்.

குளிர் தொடங்குமுன் நீங்கள் அனுப்பும் சுற்றறிக்கை இந்த ஆண்டும் வந்து சேர்ந்தது. வீட்டுக்குள் துணி உலர்த்தக் கூடாது, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் போடக் கூடாது, பூஞ்சை பிடித்தால் டெபாசிட்டில் கழிக்கப்படும். சரி. எங்கே உலர்த்தலாம் என்று மட்டும் அதில் ஒரு வரியும் இல்லை.

ஊரில் இருப்பவர்கள் நம்ப மாட்டார்கள், சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை, மான்செஸ்டரில் 900-க்கும் குறைவு. ஆனால் அங்கே கொட்டித் தீர்த்தபின் வெயில் அடிக்கும், மொட்டைமாடிக் கொடியில் போட்டது மதியத்துக்குள் காய்ந்துவிடும். இங்கே நாள் முழுக்க நசநசவென்று தூறல், நவம்பர் கடைசியில் நாலு மணிக்கே இருட்டு. வில்ம்ஸ்லோ சாலையில் பஸ்ஸுக்கு நின்றாலே ஜீன்ஸ் முழங்கால் வரை நனைந்துவிடும். மெஷின் நன்றாகப் பிழிந்த பிறகும் ஒரு லோடு துணியில் சுமார் 2 லிட்டர் தண்ணீர் மிஞ்சியிருக்கும். ஐந்து பேர் வீட்டில் வாரத்துக்கு ஆறேழு லோடு. அத்தனையும் ஆவியாகிச் சுவருக்குத்தான் போகிறது.

ஏன் சுவருக்கு? அறைக்காற்று 20 டிகிரியில், ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், 14 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் கோத்துக்கொள்ளும். உங்கள் விக்டோரியா காலத்து வரிசை வீடுகளின் சுவர் ஒன்பது அங்குலச் செங்கல். நடுவே இடைவெளி கிடையாது, குளிர் தாங்கும் அடைப்பும் கிடையாது. 'பில் உள்பட' என்று, மின்சார, எரிவாயுக் கட்டணத்தை வாடகையிலேயே சேர்த்து விடும் வீடுகள் பலவற்றில் ஹீட்டிங் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம்தான். காற்று சூடாகிறது, சுவர் சூடாவதில்லை. அதனால்தான் அலமாரிக்குப் பின்னும், ஜன்னல் மூலையிலும், சுவரை ஒட்டிப் போட்ட மெத்தை அடியிலும் கறுப்புப் புள்ளி. ஓதம், அதாவது சுவர் ஈரம், எல்லாம் ஒன்றல்ல என்பதும் உங்களுக்குத் தெரியும். மழை பெய்த மறுநாள் சுவர் நடுவில் பெரிதாகும் கறை எங்கள் துணியால் வருவதில்லை. அடைத்துக்கிடக்கும் கூரைத் தாழ்வாரக் குழாயால் வருவது. சுற்றறிக்கையில் இரண்டுக்கும் ஒரே குற்றவாளி.

ஜன்னலைத் திற என்ற உங்கள் அறிவுரையில் தப்பில்லை. மழை பெய்தாலும் 5 டிகிரி வெளிக்காற்றில் உள்ள நீராவி அறைக்காற்றில் உள்ளதைவிடக் குறைவுதான். ஆனால் ஹீட்டிங் அணைந்த வீட்டில் இரவெல்லாம் திறந்து வைத்தால் சுவர் இன்னும் குளிரும்.

குளியலறை எக்சாஸ்ட் ஃபேன் நொடிக்கு 15 லிட்டர் காற்றை இழுக்க வேண்டும் என்கிறது இங்கிலாந்தின் கட்டட விதி. ஒரு டிஷ்யூ தாளை அதன் முன் பிடித்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் ஃபேன் ஓடுகிறது. கீழே விழுந்தால் சத்தம்தான் ஓடுகிறது. பெரும்பாலும் வலையில் தூசி அடைத்திருக்கும், அல்லது பரணில் குழாய் கழன்று ஈரக்காற்று கூரைக்குள்ளேயே போகும். விளக்கோடு சேர்த்து இணைத்திருந்தால் குளித்து முடித்து விளக்கை அணைத்ததும் ஃபேனும் நின்றுவிடும். நீராவி அப்படியே தங்கும்.

ஆகவே எங்கள் கோரிக்கை இரண்டே: விளக்கை அணைத்த பின்னும் 15 நிமிடமாவது ஓடும் ஒரு ஃபேன், துணி உலர்த்தும் அறைக்கு, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் ஒரு டீஹியூமிடிஃபையர். 15 டிகிரிக்குக் கீழ்ப்பட்ட அறையில், காற்றைக் குளிரவைத்து நீரைப் பிரிக்கும் கம்ப்ரஸர் வகை சோர்ந்துவிடும். அங்கே ஈரமுறிஞ்சும் பொருள் வைத்த டெசிகன்ட் வகை வாங்குங்கள், மின்சாரம் கொஞ்சம் கூடுதலாகும். கறுப்புப் புள்ளி மேல் வெள்ளை பெயிண்ட் அடித்துத் தருவது பழுது பார்ப்பதாகாது. குளிர்ந்த சுவர் குளிர்ந்த சுவராகவே இருக்கும். புள்ளி திரும்ப வரும்.

இதெல்லாம் எங்கள் சாம்பாராலும் குக்கர் ஆவியாலும் வருவது என்று சொல்பவர்களும் உங்களில் உண்டு. அரைமணி நேரம் விசிலடிக்கும் குக்கருக்கு ஒரு நூற்றாண்டுச் செங்கல்லை நனைக்கும் சக்தி இருப்பது எங்களுக்கே புதுச் செய்தி. வாடகைவீட்டுப் புகார்களை விசாரிக்கும் வீட்டுவசதி ஆம்பட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்) 2021 அக்டோபரில் வெளியிட்ட ஓத அறிக்கையின் தலைப்பிலேயே, இது வாழ்க்கைமுறைக் கோளாறு அல்ல என்று எழுதியிருக்கிறார். பக்கத்து ராச்டேலில் ஒரு குடும்பம் 2017-இல் பூஞ்சை பற்றிப் புகார் சொன்னபோது கிடைத்த பதில், மேலே பெயிண்ட் அடியுங்கள் என்பதுதான். 2020 டிசம்பரில் அந்த வீட்டுக் குழந்தை, இரண்டு வயது அவாப் இஷாக், இறந்தான். காரணம் பூஞ்சை என்று 2022-இல் மரண விசாரணை முடிவு செய்தது. அவன் பெயரால் வந்த விதிகள் 2025 அக்டோபர் 27 முதல் சமூக வீடுகளில், அதாவது நகராட்சிகளும் வீட்டுவசதிச் சங்கங்களும் குறைந்த வாடகைக்கு விடும் வீடுகளில், நடைமுறைக்கு வந்தன. ஆபத்தான ஓதப் புகாரைப் பத்து வேலை நாளுக்குள் ஆராய வேண்டும், அவசரமென்றால் 24 மணி நேரத்தில் ஆராய்ந்து ஆபத்தை நீக்க வேண்டும். தனியார் வீட்டில் இருப்பவருக்கும் நுரையீரல் ஒன்றுதான் என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

கொஞ்சம் சூடாகவே எழுதிவிட்டோம், பொறுத்தருளுங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் பல அறைகள் காலியாக இருக்கும். எலக்ட்ரீஷியன் வந்துபோக வசதியான சமயம். தயவுசெய்து ஃபேனைச் சரிபாருங்கள், ஒரு டீஹியூமிடிஃபையர் வாங்கி வையுங்கள். அடுத்த சுற்றறிக்கையில் "துணியை இந்த அறையில் உலர்த்துங்கள்" என்ற அந்த ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தெற்கு மான்செஸ்டரில் வாடகைக்குக் குடியிருக்கும் தமிழ் மாணவர்கள்