தேவையில்லாததை அடித்துவிட்டு அனுப்புங்கள்

மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஈரோட்டில் இருபத்து மூன்று வருடமாக வரி ஆலோசகனாகத் தொழில் செய்கிறேன். ஜவுளி, நூல், மஞ்சள் என்று மூன்று வியாபாரத்துக்குள் என் கிளையண்டுகள் அடங்கிவிடுவார்கள். அவர்களில் ஒரு நூல் கமிஷன் ஏஜென்டுக்குப் போகியன்று மாலை ஆறரை மணிக்கு அபராத நோட்டீஸ் வருமான வரி போர்ட்டலில் ஏறியது. பதிலுக்குக் கெடு, மாட்டுப் பொங்கல் காலை 11 மணி. அதிகாரியை நேரில் பார்க்காமல் ஆன்லைனிலேயே நடக்கும் இந்த முகமற்ற முறையில் கெடு குறித்தவர் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. அவருக்கு எங்கள் ஊர்ப் பண்டிகை தெரிந்திருக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. அவகாசம் கேட்டு மனு போட்டோம். அடுத்து வந்தது அபராத உத்தரவுதான்.

கெடுவைவிடப் பெரிய தொல்லை நோட்டீஸுக்குள்ளேயே இருந்தது. வருமானத்தைக் குறைத்துக் காட்டியது, தவறாகக் காட்டியது என்ற இரண்டு குற்றச்சாட்டும் ஒரே வரியில், நடுவில் ஒரு சாய்கோட்டோடு கிடந்தன. இவர் செய்தது எது? கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

காகித நோட்டீஸ் காலத்தில், பழைய அபராதப் பிரிவான 271(1)(சி)-க்கும் இதே கதைதான். வருமானத்தை மறைத்தது, தவறான விவரம் கொடுத்தது என்று இரண்டையும் அச்சடித்து, பொருந்தாததை அடித்துவிடச் சொல்லி ஒரு குறிப்பும் இருக்கும். அடிக்க ஒரு பேனாவும் அரை நிமிடமும் போதும். என் மேசைக்கு வந்தவற்றில் அடித்து வந்தது அபூர்வம். இப்போது பேனா போய் சாஃப்ட்வேர் வந்துவிட்டது. அடிக்காத பழக்கம் மட்டும் போகவில்லை.

அந்தச் சாய்கோடு எவ்வளவு விலை என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். அந்த நூல் கமிஷன் ஏஜென்ட் வங்கியில் போட்டிருந்த டெபாசிட்டுக்கு வட்டி வருடா வருடம் கைக்கு வராது. முதிர்வில்தான் அசலோடு வரும். வரும்போதுதானே வருமானம் என்று அவர் நினைத்துவிட்டார். வங்கி அந்த வட்டிக்கு டி.டி.எஸ். பிடித்தது, பிடித்த வரியைக் காட்டும் 26ஏ.எஸ். அறிக்கையில் இருந்தது. அதைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டியது என் ஆபீஸ். நாங்களும் விட்டுவிட்டோம். விடுபட்ட வட்டி 1,84,000 ரூபாய். செஸ்ஸோடு சேர்த்து வரி 57,408. 270ஏ பிரிவுப்படி, குறைத்துக் காட்டியது என்றால் அபராதம் அதில் பாதி, 28,704 ரூபாய். தவறாகக் காட்டியது என்றால் இரண்டு மடங்கு, 1,14,816 ரூபாய்.

பணம் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. 270ஏஏ பிரிவில் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறீர்கள். வரியையும் வட்டியையும் கெடுவுக்குள் கட்டி, அப்பீல் போகாமல், வரியைக் கணக்கிட்ட அசெஸ்மெண்ட் உத்தரவு கிடைத்த மாதம் முடிந்து ஒரு மாதத்துக்குள் படிவம் 68 கொடுத்தால் அபராதத்திலிருந்தும் வழக்கிலிருந்தும் விலக்கு உண்டு. இவர் கேட்ட காலத்தில் தவறாகக் காட்டியவருக்கு மட்டும் அது கிடையாது. இவர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். ஆனால் அசெஸ்மெண்ட் உத்தரவின் கடைசி வரியில் ‘தவறாகக் காட்டியது’ என்ற வார்த்தை உட்கார்ந்திருந்தது. அது போதும் என்று படிவம் 68 தள்ளுபடியானது. 270ஏ(9)-இல் தவறாகக் காட்டுவதற்கு ஆறு வகை எழுதியிருக்கிறீர்கள்: உண்மையை மறைப்பது, பொய்க் கணக்கு எழுதுவது, ஆதாரமில்லாத செலவைக் கோருவது, இப்படி. இவர் எந்த வகை? உத்தரவிலும் இல்லை, நோட்டீஸிலும் இல்லை. எந்த வகை என்றே சொல்லாமல் விலக்கை மறுத்ததை டெல்லி உயர் நீதிமன்றம் 2022-இல் ஷ்னைடர் எலெக்ட்ரிக் வழக்கில் ஏற்கவில்லை. நாங்கள் அதையும் எடுத்துக் காட்டினோம். பதிலில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

உங்கள் பக்கத்துக்கும் தீர்ப்பு உண்டு, அதை ஒளிக்க மாட்டேன். 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் சுந்தரம் பைனான்ஸ் வழக்கில், பொருந்தாததை அடிக்காத நோட்டீஸ் செல்லாது என்ற வாதத்தை ஏற்கவில்லை. நோட்டீஸ் எதைப் பற்றியது என்று புரிந்துகொண்டுதானே பதில் சொன்னீர்கள் என்பது அங்கே முக்கியமாக இருந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்குப் புரிந்திருக்கும், சரி. கிளையண்ட் என்னிடம் அந்த அச்சுப்பிரதியை நீட்டி, “சார், இதில நான் பண்ணினது எது?” என்று கேட்டபோது எனக்கே சொல்லத் தெரியவில்லை. 2021-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, பொருந்தாததை அடிக்காத நோட்டீஸ் அபராதத்தையே கெடுத்துவிடும் என்றது. 274ஆம் பிரிவு, ஒருவரைக் கேட்காமல் அபராதம் போடக் கூடாது என்கிறது. எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றே சொல்லாவிட்டால் கேட்பது எங்கே நடக்கிறது?

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அடிக்காத நோட்டீஸைக் காட்டி நானே அபராதங்களை ரத்து செய்ய வைத்திருக்கிறேன். அதில் ஒருவர் இரட்டைக் கணக்கு வைத்திருந்தவர். தெரிந்தே செய்தார். அவருக்கு முழு அபராதமும் விழுந்திருக்க வேண்டும். ஒரு பேனாக் கீறல் இல்லாததால் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். எனக்கு ஃபீஸும் கொடுத்தார். அன்றைக்கு ஜெயித்த சந்தோஷம் எனக்கு வீடு வரைக்கும்கூட வரவில்லை. நோட்டீஸை இப்படி அனுப்பினால் வாயில்லாதவன் கட்டிவிட்டுப் போகிறான், வக்கீல் வைக்கத் தெரிந்தவன் தப்பிக்கிறான். அரசுக்கும் இதில் லாபமில்லை.

நான் கேட்பதற்குச் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. எந்தக் குற்றச்சாட்டு, தவறாகக் காட்டியது என்றால் ஆறில் எது, எந்தத் தொகைக்கு என்று அதிகாரி தேர்ந்தெடுக்காதவரை நோட்டீஸ் உருவாகவே கூடாது என்று சாஃப்ட்வேரில் ஒரு பூட்டு போடுங்கள். கட்டாயக் கட்டம் நிரப்பாமல் ரிட்டனை அனுப்ப முடியாதபடி எங்களுக்குச் செய்து வைத்திருக்கிறீர்களே, அதேதான். அசெஸ்மெண்ட் உத்தரவிலும் காரணத்தோடு அந்த வகை இருக்கட்டும். படிவம் 68-ஐத் தள்ளுவதாக இருந்தால் எந்த வகையில் தள்ளுகிறோம் என்று எழுதச் சொல்லுங்கள். அப்புறம், பதிலுக்கு 15 நாளாவது கொடுங்கள். அவகாசம் கேட்டால் உண்டா இல்லையா என்று ஒரு வரி பதில் போடாமல் உத்தரவு போட வேண்டாம்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம். படிவங்கள் எல்லாம் மறுபடி வார்க்கப்படும் நேரம் இது. பழைய ஆண்டுகளின் வழக்குகளும் இன்னும் பல வருடம் பழைய சட்டப்படியே ஓடப் போகின்றன. பழையது, புதியது என்று இரண்டு நோட்டீஸ் படிவத்திலும் அந்தச் சாய்கோட்டை எடுத்துவிடுங்கள்.

அபராதத்தை எதிர்த்து அந்த ஏஜென்ட் போட்ட அப்பீல் நிலுவையில் இருக்கிறது. வட்டியைக் காட்டாமல் விட்டது தப்பு என்று முதல் நாளே ஒப்புக்கொண்டவர் அவர். அதற்கு 28,704 ரூபாய் போட்டிருந்தால் மறுநாளே கட்டியிருப்பார்.

இப்படிக்கு,
ஈரோட்டிலிருந்து ஒரு வரி ஆலோசகன்