உப்புக் குறைத்த ஊறுகாய்

கொக்குவில், யாழ்ப்பாணம்,
மாசி 12

அன்பின் குஞ்சுக்கு,

உன் கடிதம் போன செவ்வாய் கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்து, இப்போது பிடி இல்லாமல் படி இறங்குகிறாய் என்று வாசித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பனி கொட்டுகிற நாளில் தனியே வெளியே இறங்காதே. மகனின் கையைப் பிடித்து நடப்பதில் ஒரு குறைவும் இல்லை. அவன் நடை பழகினபோது நீ பிடித்த கைதானே.

இங்கே எல்லாரும் சுகம். இந்த முறை மாரி இழுத்துப் பெய்ததால் கிணற்றில் தண்ணீர் இன்னும் நல்ல உயரத்தில் நிற்கிறது. பேத்தி முதலாம் வகுப்புக்குப் போகிறாள். காலையில் சப்பாத்துப் போட அரை மணித்தியாலம். அவளுக்குப் பின்னாலேயே ஓடி எனக்கு ஒரு நாளின் பாதி முடிந்துவிடும். மேற்கு வேலியோரம் நின்ற கறிமுருங்கை மழைக்குச் சரிந்துவிட்டது. கொப்பை வெட்டி நட்டிருக்கிறோம், துளிர்த்துவிட்டது.

எனக்குத்தான் ஒரு கட்டுப்பாடு வந்து சேர்ந்தது. புரட்டாதியில் கிளினிக்குக்குப் போனபோது பிரஷர் 160க்கு மேலே நின்றது. டொக்டர் மருந்து எழுதித் தந்துவிட்டு, "அம்மா, கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் நாலையும் விடுங்கோ" என்றார். அங்கே நின்ற தாதிப் பிள்ளை ஒரு தேக்கரண்டியை எடுத்துக் காட்டி, ஒரு நாளைக்கு எல்லாச் சாப்பாட்டிலும் சேர்த்து உப்பு 5 கிராமுக்குள்ளே நிற்க வேண்டும், இந்தக் கரண்டி நிரம்பவே கூடாது என்று சொன்னாள். கருவாட்டை விட்டேன். அப்பளத்தையும் விட்டேன். ஊறுகாயை விட்ட அன்று மத்தியானம் சோறும் மோரும் குழைத்து வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன், இறங்கவே இல்லை.

அம்மாவின் தேசிக்காய் ஊறுகாய் உனக்கு நினைவிருக்கும். ஏ.எல் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற காலத்தில் ஜாம் போத்தல் விளக்கடியில் நாங்கள் இரண்டு பேரும் இருந்து படிக்க, அம்மா இரவில் புட்டும் அந்த ஊறுகாயும் கொண்டுவந்து வைப்பா. தேசிக்காயை நாலாக வகிர்ந்து, அடி விட்டுப் போகாமல் பிடித்துக்கொண்டு, உள்ளே உப்பைத் திணித்துத் திணித்துச் சாடியில் அடுக்குவா. பிறகு கிழமைக் கணக்கில் வெயில். நான் காகம் கலைக்கிற வேலைக்காரி. 95 ஐப்பசி 30, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த அந்த மழை இரவில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டபோது, அண்ணா சைக்கிளில் அரிசியைக் கட்ட, அம்மா சாடியைச் சேலையால் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைத் தாண்டினா. "நகையை எடுங்கோ" என்று அப்பா கத்தினார். அம்மா நகையையும் எடுத்தாதான், ஆனால் கையில் இருந்தது சாடி. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பதினாறு பேர் அந்தச் சாடியோடுதான் கஞ்சி குடித்தோம். அதனால்தான் "ஊறுகாயை விடுங்கோ" என்ற சொல் எனக்கு அவ்வளவு சுட்டது. டொக்டர் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்.

உன் கார்த்திகைக் கடிதத்தில் மருமகள் முள்ளங்கியை வட்டமாக வெட்டி, வினாகிரி ஊற்றிப் பிரிட்ஜில் வைக்கிறாள், மறுநாளே சாப்பிடலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தாய். நீ போகிற போக்கில் எழுதின வரி. எனக்கு அது மூன்று நாள் மண்டைக்குள் நின்றது. மறுநாளே சாப்பிடுகிறது எப்படி ஊறுகாய் ஆகும்? பிறகு ஆறுதலாக யோசித்துப் பார்த்தேன். அம்மாவிடம் பிரிட்ஜ் இல்லை, கரண்டே இல்லை. தேசிக்காய் ஒரு வருசம் கெடாமல் கிடக்க வேண்டுமென்றால் உப்பும் வெயிலும்தான் துணை. உப்பைக் குறைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். உன் மருமகளின் போத்தலைக் காப்பது வினாகிரியின் புளிப்பும் பிரிட்ஜின் குளிரும். அங்கே உப்பு வாய்க்கு மட்டும்தான். அப்படியென்றால் உப்பைக் குறைக்கலாம், வினாகிரியைத்தான் குறைக்கக் கூடாது. இது பிடிபட்ட அன்றைக்கே இங்கே பக்கத்தில் இருக்கிற திருநெல்வேலிச் சந்தைக்குப் போனேன்.

இந்த நாட்களில் முள்ளங்கி கட்டுக் கட்டாக வருகிறது, இலையோடு. கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்பாட்டுத் தோட்டங்களில் பிடுங்கினது என்றால் வேரில் இன்னும் சிவப்பு மண் ஒட்டியிருக்கும். கோடையில் வருவது நுவரெலியாப் பக்கத்துச் சரக்கு, தம்புள்ளையைச் சுற்றி வந்து சேரும்போது இலை வாடிவிடும். சந்தையில் ஒரு ஆச்சி எனக்கு எடுத்துக் காட்டினா: கையில் வைத்துப் பார், பருமனுக்கு ஏற்ற பாரம் இருக்க வேண்டும். பாரம் இல்லாவிட்டால் உள்ளே பஞ்சாகிவிட்டது, கறிக்கும் உதவாது. பெருவிரல் மொத்தத்தில் உள்ளதாகப் பார்த்து அரைக் கிலோ வாங்கினேன். இலையை எறியவில்லை. தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் போட்டு வறை வறுத்தேன், அன்றைக்குப் பேத்தி அதோடு இரண்டு தரம் சோறு கேட்டாள்.

முதல் போத்தல் பிழைத்துவிட்டது, அதையும் சொல்கிறேன், நீ பழுதாக்காமல் இருக்க. முள்ளங்கியை அப்படியே தடிப்பாக வெட்டிப் போட்டு, அடுப்பிலிருந்து இறக்கின கையோடு கொதிக்கக் கொதிக்க வினாகிரியைக் குளிர்ந்த ஜாம் போத்தலுக்குள் ஊற்றினேன். 'டக்' என்று அடி கழன்றது. குசினி மேசை முழுக்க வினாகிரி, கண்ணெரிச்சல், முள்ளங்கி ஒவ்வொன்றாக நிலத்தில் உருள்கிறது. மிஞ்சினதை அள்ளி வேறொரு போத்தலில் போட்டுப் பிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் காலையில் பாலெடுக்கப் பிரிட்ஜைத் திறந்த மகன், "அம்மா, காஸ் ஒழுகுதோ?" என்று கேட்டான். முள்ளங்கியை வெட்டினவுடன் அதற்குள் இருக்கிற கந்தகச் சத்து உடைந்து இந்த மணம் கிளம்புகிறது. கடுகும் முள்ளங்கியும் ஒரே குடும்பம், மூக்கில் ஏறுகிற காரம் இரண்டிலும் ஒரே வகைதான். மூடி இறுக்கம் இல்லாவிட்டால் பாலும் தயிரும் அந்த மணத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இப்போது செய்வது ஆறாவது போத்தல், கை படிந்துவிட்டது. முள்ளங்கியைக் கழுவி, தோலை மெல்லிசாகச் சுரண்டி, ஒரு ரூபாய்க் குற்றியின் தடிப்புக்கு வட்டம் வட்டமாக வெட்டுகிறேன். அதைவிட மெல்லிசென்றால் இரண்டு நாளில் தொய்ந்துவிடும், தடிப்பென்றால் நடுவில் புளி ஏறாது. அரைக் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி கல்லுப்பைப் பிசறி அரை மணித்தியாலம் வடியில் போட்டுவிடு. முள்ளங்கியில் பெரும்பங்கு தண்ணீர்தானே, கீழே வைத்த கோப்பையில் சொட்டுச் சொட்டாக விழுந்து கால் கோப்பை சேர்ந்துவிடும். அந்தத் தண்ணீரை மணந்து பார், முதல் போத்தலின் கெட்ட மணத்தில் பாதி அதில்தான் இருக்கும். உப்பும் அதோடு கொஞ்சம் போய்விடும். பிறகு துணியில் வைத்து ஒரு பிழி. வட்டங்கள் ஈரச் சேலைத் தலைப்புப் போல வளையும், ஆனால் கடித்தால் 'கறுக்'கென்று நிற்கும். இந்தப் பதம் வந்தபிறகுதான் போத்தலில் போட வேண்டும்.

வினாகிரியில் கவனமாக இரு. போத்தலின் ஒட்டுத்தாளில் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். உங்கே 5 என்று இருந்தால் சரிக்குச் சரி தண்ணீர் கலக்கலாம். நான் வாங்கிற தென்னை வினாகிரி 4. அதனால் இரண்டு பங்கு வினாகிரிக்கு ஒரு பங்கு தண்ணீர்தான் விடுகிறேன். கண்ணளவுக்குத் தண்ணீரைக் கூட்டிவிட்டால் புளிப்பு மெலிந்துபோகும், பிறகு எந்தப் பிரிட்ஜும் காப்பாற்றாது. 300 மில்லிலீற்றர் வினாகிரி, 150 தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு, இரண்டு மேசைக்கரண்டி சீனி. எவர்சில்வர்ச் சட்டியில் ஒரு கொதி, அலுமினியச் சட்டி வேண்டாம், புளிப்பு அதைத் தின்னும். உனக்குச் சீனி வருத்தம் என்றால் சீனியைப் பாதியாக்கு, அது சுவைக்கு மட்டும்தான். இறக்கி வைத்து, போத்தலை இளஞ்சுடுதண்ணீரில் அலம்பிவிட்டு, ஆவி அடங்கின பிறகு ஊற்று. முள்ளங்கி முழுக்க மூழ்க வேண்டும். மேலே தலை காட்டுகிற துண்டில்தான் முதலில் பூஞ்சணம் பிடிக்கும். ஆறினதும் மூடி பிரிட்ஜில் வைத்துவிடு. தகர மூடியை வினாகிரி துருப்பிடிக்கப் பண்ணும், பிளாஸ்ரிக் மூடி நல்லது.

உள்ளே என்ன போடுவது என்பதில் உன் மருமகளுக்கு அவளுடைய கைப்பக்குவம் இருக்கும். நான் முழு மிளகு பத்து, நீளமாகக் கீறின பச்சை மிளகாய் ஒன்று, இஞ்சித் துண்டு, ஒரு கரண்டி கடுகு, இரண்டு பல் உள்ளி போடுகிறேன். மூன்றாவது போத்தலில் அந்த உள்ளி நாலாம் நாள் நீலமாகிவிட்டது! மயில்துத்தம் போல நிறம். பயந்துபோய்ப் போத்தலைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கொட்டப் போனேன். பிறகு பக்கத்து வீட்டில் இருக்கிற விஞ்ஞான ரீச்சர்தான் தடுத்தா. புளிப்பில் உள்ளியின் சத்து அப்படி நிறம் மாறும், நஞ்சில்லை என்று விளங்கப்படுத்தினா. சாப்பிட்டோம், ஒன்றும் இல்லை. ஆனால் தண்ணீர் நுரைத்தாலோ, வழுவழுத்தாலோ, மேலே வெள்ளை படர்ந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடு. இது புளிக்க வைத்து எடுக்கிற சாமான் இல்லை, அதனால் நுரை வரக் காரணமே இல்லை.

எங்கள் வெள்ளை முள்ளங்கி போத்தலில் வெளிறிப்போய்ப் பார்க்க ஒன்றும் இல்லாமல் இருந்தது. ஒரு துண்டு பீற்றூட் போட்டேன், இரண்டாம் நாள் ரோசாப்பூ நிறம். பேத்தி அதற்குப் பிறகுதான் கேட்டுச் சாப்பிடத் தொடங்கினாள். உங்கே கிடைக்கிற சிவப்பு உருண்டை முள்ளங்கிக்கு இது தேவையில்லையாம், தோலின் சாயமே தண்ணீரில் இறங்குமாம். தோலைச் சீவாமல் போட்டு எனக்குப் படம் எடுத்து அனுப்பு.

முதல் நாள் வினாகிரி முன்னுக்கு நிற்கும். இரண்டாம் நாள்தான் முள்ளங்கியும் சேர்ந்து வாயில் வரும். மத்தியானச் சோறும் பருப்பும் கீரையும் என்றால் ஐந்தாறு வட்டம் போதும் எனக்கு. இடியப்பமும் சொதியும் சாப்பிடுகிற இரவில் தொட்டுக்கொள்ள அவ்வளவு திறம். மகனுக்கு மீன் குழம்போடு வேண்டும். அம்மாவின் ஊறுகாயின் சுவை இது இல்லை, அப்படி நான் சொல்லவும் மாட்டேன். அந்தக் கசப்பும் வெயிலும் இதில் இல்லை. ஆனால் புட்டுக்குப் பக்கத்தில் ஒன்று புளிப்பாக, காரமாக, கடிபட இருக்கிறது. போன கிளினிக்கில் பிரஷர் 138. அது மருந்தாலும் மற்ற மூன்றையும் விட்டதாலும்தான் என்று எனக்குத் தெரியும். ஊறுகாய் என்ற சொல்லைக் கேட்டு டொக்டர் முகத்தைச் சுளித்தார், நான் அளவுகளைச் சொன்ன பிறகு, "ஐந்தாறு வட்டத்துக்கு மேல் போகாதேங்கோ" என்று விட்டுவிட்டார்.

ஒரு போத்தல் எங்கள் வீட்டில் பத்து நாள். மூன்று கிழமை வரை நிற்கும், ஆனால் அந்தக் 'கறுக்' போய்விடும், அது போன பிறகு எனக்கு அதில் ஆசை இல்லை. 2022 பங்குனி முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது இதைப் பழகியிருந்தாலும் பிரிட்ஜை நம்பி ஒரு போத்தலும் போட்டிருக்க முடியாது. இப்போது இரண்டு, மூன்று மணித்தியாலம் நின்றாலும் கதவைத் திறக்காமல் விட்டுவிடுகிறேன், போத்தலுக்கு ஒன்றும் வருவதில்லை.

அம்மாவின் சாடி இன்னும் குசினி இறாக்கையில் இருக்கிறது. விளிம்பில் ஒரு துண்டு உடைந்த இடம் நீ பார்த்ததுதான். அதற்குள் இப்போது கல்லுப்பு வைத்திருக்கிறேன், மாதம் ஒருமுறை நிரப்பினது போய் இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் நிரப்புகிறேன்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். வருகிற திகதியை மருமகளிடம் சொல்லி முன்கூட்டியே அறிவி. விமானத்தில் ஏறின பிறகு சொன்னால் போதாது, முள்ளங்கி ஊற எனக்கு இரண்டு நாள் வேண்டும்.

என்றும் உன்,
கொக்குவில்காரி