மதுபானக் கடையில் வயதைக் கேட்பது குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

மதுபான விற்பனை நிலையமொன்றில் தம்மிடம் அடையாள அட்டை கேட்கப்பட்டதை மன வருத்தத்துடன் எழுதியிருந்த வாசகரின் கடிதத்தை உங்கள் பத்திரிகையில் படித்தேன். முப்பது வயதைத் தாண்டி, மணமாகிப் பிள்ளைகுட்டியுடன் இருக்கும் ஒருவரிடம் நாலு பேர் பார்த்திருக்க வயதுக்குச் சான்று கேட்டால் கூச்சமாகத்தான் இருக்கும். ஆயினும் கேட்டதே தவறு என்று அவர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் ஏ9 வீதியோரத்தில் சிறியதொரு பலசரக்குக் கடை நடத்துபவன். சாராயம் விற்பதில்லை என்றாலும் சிகரெட்டும் பீடியும் விற்கிறேன். வயது விடயத்தில் இரண்டுக்கும் சட்டம் ஒன்றுதான்.

2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கத் தேசிய புகையிலை மற்றும் மதுசாரம் மீதான அதிகார சபைச் சட்டத்தின்படி 21 வயதுக்குட்பட்ட எவருக்கும் இப்பொருள்களை விற்க முடியாது. 21 வயதுக்குட்பட்டவரைக் கொண்டு விற்பிப்பதும் குற்றமே. மீறினால் ஐம்பதாயிரம் ரூபா வரை தண்டப்பணம், ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். பதினெட்டில் வாக்களிக்கலாம், கலியாணமும் செய்யலாம், ஆனால் ஒரு பியர் வாங்க முடியாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அதைப் பாராளுமன்றத்தில் கேட்க வேண்டும். கடைக்காரனிடம் கேட்டுப் பயனில்லை. பொலிஸாரோ மதுவரித் திணைக்களத்தினரோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ வந்து நின்றால் பதில் சொல்ல வேண்டியவன் அவன். "பார்க்கப் பெரிய ஆள் மாதிரி இருந்தார்" என்று நீதிமன்றத்தில் சொல்லித் தப்பலாம் என்று நம்பிக் கடை நடத்த முடியாது.

முகத்தை வைத்து வயதைச் சொல்வது இலேசான காரியமுமல்ல. வெயிலில் வயல் வேலைக்கும் மணல் ஏற்றும் வேலைக்கும் போகும் பதினேழு வயதுப் பையன் இருபத்தைந்து வயதுக்காரனைப் போலத் தெரிவான். பல்கலைக்கழகம் முடித்து வேலைக்கு வந்தவர் சிலர் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல இருப்பார்கள். அதைவிடப் பெரிய சங்கடம், எங்கள் பக்கத்து விற்பனை நிலையங்கள் பலவற்றில் முகமே தெரிவதில்லை. கம்பி வலைக்கு நடுவில் ஒரு சிறு துவாரம். அதற்குள்ளால் மடித்த நோட்டுகளுடன் ஒரு கை நுழைகிறது, "கால் போத்தல் ஒண்டு" என்ற குரல் வருகிறது, பேப்பரில் சுற்றிய போத்தலுடன் அந்தக் கை திரும்பிப் போகிறது. மோட்டார் சைக்கிளில் வந்தவர் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றியிருக்க மாட்டார். கையைப் பார்த்து வயது சொல்லும் கலை கைரேகைக்காரருக்கும் தெரியாது. அந்தத் துவாரத்துக்கு மேலேயே 21 வயதுக்குட்பட்டோருக்கு விற்பனை இல்லை என்ற அறிவித்தல் தொங்குவதுதான் வேடிக்கை.

சந்தேகம் வந்தவரிடம் மாத்திரம் கேட்டால் போதாதா என்று அந்த வாசகர் எழுதியிருந்தார். சிறிய ஊர்களில் அது சரிவராது. விற்பவருக்கு வாங்குபவர் யாருடைய மகன் என்று தெரியும். கூலிக்காரரின் மகனிடம் உறுக்கிக் கேட்பவர், சங்கத் தலைவரின் மகனிடமோ கடை முதலாளியின் மருமகனிடமோ வாய் திறப்பதில்லை. கேட்கப்பட்டவனும் "என்னில மட்டும் என்ன சந்தேகம்?" என்று சண்டைக்கு வருகிறான். பார்வைக்கு முப்பதுக்குக் கீழே தெரியும் எல்லோரிடமும் கேட்பது என்று ஒரு வழக்கம் இருந்தால், அங்கே சம்பளத்துக்கு நிற்கும் பையனுக்கு அதுவே பாதுகாப்பு. "முதலாளியின்ர ஓடர் அண்ணை, எல்லாரிட்டயும் கேக்கிறது" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வான்.

இது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த முறையுமல்ல. பிரித்தானியாவில் மதுபானம் வாங்குவதற்கான வயது 18 தான். ஆனால் 25 வயதுக்குக் குறைந்தவராகத் தெரியும் எவரிடமும் சான்று கேட்பதை அங்கே பெரிய கடைகள் வழக்கமாக வைத்திருக்கின்றன. ஸ்கொட்லாந்தில் 2011 ஒக்டோபர் முதல் அது கட்டாயமாகவே ஆக்கப்பட்டது. சட்டத்தின் வயதுக்கும் கேட்கும் வயதுக்கும் இடையில் விடப்படும் அந்த ஏழு வருட இடைவெளி, முகம் பார்த்து ஏமாறுவதற்கான ஈடு. வளர்ந்தவர்கள் பலரிடம் வீணாகக் கேட்கப்படும் என்பது தெரிந்தே வைத்த ஏற்பாடு அது. லண்டனில் மறுபேச்சின்றி அட்டையை நீட்டும் எங்கள் உறவினர் சிலர், ஓகஸ்ட் விடுமுறைக்கு ஊருக்கு வந்து நிற்கும்போது இங்கே கேட்டால் மட்டும் கொதிப்பது எனக்கு விளங்குவதில்லை.

ஆனால் வன்னியில் அடையாள அட்டையைக் காட்டு என்பது மற்ற இடங்களில் கேட்பது போன்றதல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். யுத்த காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்றவர்களுக்கும், பிறந்த இடம் எதுவென்று பார்த்துத் தனியே நிறுத்தப்பட்டவர்களுக்கும், 2009 இல் எல்லாவற்றோடும் அட்டையையும் தொலைத்துவிட்டு மெனிக்பாம் முகாமிலிருந்து தாம் யாரென்று நிரூபிக்க அலைந்தவர்களுக்கும் அந்தச் சொல் காதில் விழும்போதே உடம்பு ஒருமுறை விறைக்கும். அந்த வாசகரின் கோபத்துக்கும் இதில் பங்கு இருக்கக்கூடும். அதனால்தான் கேட்கும் முறையில் கவனம் வேண்டும் என்கிறேன். கடைக்காரருக்குத் தேவைப்படுவது பிறந்த திகதி மாத்திரம். முகவரியோ தொழிலோ பிறந்த இடமோ அவருக்குத் தேவையில்லை. அட்டையைக் கையில் வாங்கவே வேண்டியதில்லை; உரியவர் தம் கையில் வைத்தபடி காட்டினால் போதும். சில இடங்களில் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைப்பதாகவும் கொப்பியில் இலக்கத்தை எழுதுவதாகவும் கேள்விப்படுகிறேன். அப்படிச் செய்பவருக்கு அட்டையைக் காட்ட மறுத்து, போத்தலும் வேண்டாம் என்று திரும்பி வருபவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

உண்மையில் பார்வை ஒன்றே போதும். 2016 முதல் வழங்கப்படும் அட்டைகளில் இலக்கம் பன்னிரண்டு தானங்கள் கொண்டது; முதல் நான்கும் பிறந்த வருடம். அதற்கு முந்திய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். பதினாறு வயதளவில்தான் அந்த அட்டையே கைக்கு வந்தது என்பதால், பழைய இலக்கத்துடன் வருபவர் இன்று 21 ஐ எப்போதோ கடந்தவர். எழுத்தைக் கண்டவுடன் போத்தலை எடுத்துக் கொடுத்துவிடலாம். புதிய இலக்கத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். என் மனைவி கடையைப் பார்க்கும்போதும் இதையே செய்கிறாள். அவள் வயதைச் சோதித்துச் சிகரெட் விற்கலாம். சாராயக் கடைக்குப் போனால் எந்த வயதுச் சான்றும் அவளுக்கு உதவாது என்ற நிலையும் இருந்தது, ஏனெனில் பெண்களுக்கு விற்பதைத் தடுக்கும் 1979 ஆம் ஆண்டு அறிவித்தலை 2018 ஜனவரியில் நிதி அமைச்சர் நீக்கியபோது சில நாள்களுக்குள்ளேயே ஜனாதிபதி அதைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். வயது வந்தவர்களை அவமதிப்பது பற்றிப் பேசுவதானால் அங்கிருந்தும் தொடங்கலாம்.

வயது கேட்பதால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ரியூசன் முடிந்து மரத்தடியில் நிற்கும் மாணவர்களுக்காக உள்ளே போய் வாங்கிக் கொடுக்கும் "அண்ணைமார்" இருக்கிறார்கள். அவர்களிடம் அட்டை சரியாகவே இருக்கும். காட்டோரம் காய்ச்சப்படும் கசிப்புக்கு வயதுமில்லை, அட்டையுமில்லை. இவற்றைக் காட்டிக் கடையில் கேட்பதே வீண் என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பொடியன் நேரே வந்து வாங்க முடியாமல் இன்னொருவரின் காலைப் பிடிக்க வேண்டியிருந்தால், அந்த இன்னொருவர் யார் என்பது ஊருக்குத் தெரியவரும். நேரே வாங்கினால் ஒருவருக்கும் தெரியாது.

எனக்கு அதிகம் தொல்லை தருபவர்கள் இளைஞர்களல்லர், தகப்பன்மார். "அப்பா பீடிக்கட்டு வாங்கிவரச் சொன்னவர்" என்று பத்து வயதுப் பிள்ளை காசுடன் வந்து நிற்கும். கள்ளுத் தவறணைக்குப் போத்தலுடன் அனுப்பப்படும் பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன். பிள்ளை யாருக்காக வாங்குகிறது என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. நான் மிட்டாய் ஒன்றைக் கையில் கொடுத்து வெறுங்கையுடன் திருப்பி அனுப்பினால், பின்னேரம் தகப்பன் வந்து சத்தம் போடுவார். சத்தம் போட்டவர்களில் சிலர் இப்போது தாமே வந்து வாங்குகிறார்கள். சிலர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

2024 இல் வழங்கப்பட்ட புதிய மதுபான அனுமதிப்பத்திரங்கள் பற்றிப் பாராளுமன்றம் வரை பேசப்பட்டது. எங்கள் மாவட்டங்களில் கடை கூடியதைப் பற்றி நாங்களும் பேசினோம். அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படும்போது அந்தக் கம்பி வலைக்குப் பதிலாக விற்பவரும் வாங்குபவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூடிய மேசை இருக்க வேண்டும், தலைக்கவசத்துடன் வருபவருக்கு விற்கக் கூடாது, அட்டையைப் படமெடுக்கக் கூடாது என்று நிபந்தனை விதிக்குமாறு மதுவரித் திணைக்களத்தையும், இதைத் தத்தம் ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் எழுப்புமாறு கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களையும் உங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
பலசரக்குக் கடைக்காரர் ஒருவர்,
மாங்குளம்.