எங்கள் தோட்டத்துக்குச் செயலி செய்து தருபவர்களுக்கு, சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

தலைமை அலுவலகத்தின் கணினிப் பிரிவில் இருப்பவர்களுக்கும், அவர்களுக்காகப் பழம் வெட்டும் கணக்கைப் பதிவு செய்யும் அந்தச் செயலியைச் செய்து கொடுத்த தம்பி தங்கைகளுக்கும், வணக்கம்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் செக்ரோல் கிராணி, அதாவது தொழிலாளர்களின் வேலைக் கணக்கும் சம்பளக் கணக்கும் எழுதுகிறவள். 22 வருடமாக இதே மேசைதான். அப்பாவும் அம்மாவும் ரப்பர் இருந்த காலத்தில் இங்கேயே பால் வெட்டியவர்கள். என் பெயரையோ தோட்டத்தின் பெயரையோ போடவில்லை, யாரையும் மாட்டிவிட இதை எழுதவில்லை. உங்களைத்தான் சொல்கிறேன் என்று படித்ததும் உங்களுக்கே தெரிந்துவிடும். பக்கத்துத் தோட்டத்துக் கிராணிகள் படித்தால் அவர்களும் இது எங்கள் கதை என்பார்கள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன மாதக் கூட்டத்தில் திரையில் ஒரு பச்சை வட்டம் காட்டினீர்கள், எங்கள் தோட்டம் செயலியை நூற்றுக்கு நூறு பயன்படுத்துகிறது என்று. துரை, அதாவது தோட்ட மேலாளர், சந்தோஷப்பட்டார். நான் பேசாமல் இருந்துவிட்டேன், அது என் தப்பு, அதனால்தான் இப்போது எழுதுகிறேன். தயவுசெய்து உங்கள் சர்வரில் நேரத்தைப் பாருங்கள். இங்கே காலை ஏழு மணிக்கே பழம் வெட்ட ஆரம்பித்துவிடுவார்கள், பத்து பதினொரு மணிக்குக் குலை எண்ணுவார்கள். ஆனால் எங்கள் பதிவுகள் எல்லாம் இரவு எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள், ஒரே கைப்பேசியிலிருந்து வந்திருக்கும். அந்தக் கைப்பேசி என்னுடையது. ஐந்து மண்டோர்களின் (வேலையை மேற்பார்வை பார்ப்பவர்கள்) பெயரிலும் கடவுச்சொல்லிலும் மாறி மாறி உள்ளே போய், அடுப்பில் சோறு கொதிக்கும்போது நான்தான் அடிக்கிறேன்.

ஏன் இப்படி ஆனது என்று சொல்கிறேன். எங்கள் மூத்த மண்டோர் அண்ணன் தீம்பாரில் (தோட்டத்துக்குள், மரங்களுக்கு நடுவில்) எப்படி வேலை செய்கிறார் என்று நீங்கள் பார்த்ததில்லை. ரோட்டோரம் குலைகளை இறக்கி வைத்திருப்பார்கள், காம்பில் வெட்டியவரின் நம்பர் எழுதியிருக்கும், அண்ணன் குனிந்து பழுத்தது எத்தனை, காய் எத்தனை, காம்பு நீளமாக விட்டது எத்தனை என்று எண்ணிக்கொண்டே போவார். இதை உங்கள் செயலியில் போட வேண்டுமென்றால் முதலில் பிளாக் (தோட்டத்தின் ஒரு பகுதி) நம்பரைத் தேட வேண்டும், ஒரு நீளமான பட்டியல், எங்கள் தோட்டத்தில் இல்லாத பிளாக்குகளும் அதில் இருக்கின்றன. அப்புறம் ஆள் நம்பர், அப்புறம் எண்ணிக்கை, ஒவ்வொரு வகைக்கும் ஒரு கட்டம், அப்புறம் படம், அப்புறம் சேமி. சேமி என்று அழுத்தினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் மரத்துக்கு அடியில் லைன் (சிக்னல்) கிடையாது. ஐந்து நிமிடம் கைப்படாமல் இருந்தால் பாதுகாப்புக்காக என்று வெளியே தள்ளிவிடும், மறுபடியும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, ஒரு குறி, ஓர் எண் என்று கடவுச்சொல் போட வேண்டும். செம்பனை முள் குத்தி வீங்கிய கட்டைவிரலால் அதை அடித்துப் பாருங்கள். மழைத் துளி திரையில் விழுந்தால் அதுவே ஏதோ ஒன்றை அழுத்திவிடுகிறது.

நவம்பரில் ஒரு நாள் அவர் போட்ட 43 பதிவுகள் போய்விட்டன. சாயங்காலம் அலுவலகத்துக்கு வந்தவர் உட்காரவே இல்லை, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் நின்றார். "தங்கச்சி, எனக்கு இது வராதும்மா, துரைகிட்ட சொல்லி என்னைப் பழம் வெட்டவே அனுப்பிடச் சொல்லு" என்றார். 26 வருடம் மண்டோராக இருந்தவர், எந்த பிளாக்கில் எந்த வரிசை சரிவில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர், ஒரு செயலி தன்னை முட்டாள் என்று சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டார். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் கடையில் 555 நோட்டு என்கிற சின்னப் பாக்கெட் நோட்டு ஒன்று வாங்கினார். அதில் எழுதுகிறார், பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புகிறார், நான் ராத்திரி அடிக்கிறேன். மற்ற நான்கு மண்டோர்களும் அப்படியே மாறிவிட்டார்கள். உங்கள் பச்சை வட்டத்துக்குப் பின்னால் இருப்பது அந்த 555 நோட்டுதான்.

அவருக்குக் கைப்பேசி தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதே மனிதர் ஜொகூரில் இருக்கும் மகளுக்குத் தினமும் குரலில் பேசி அனுப்புகிறார். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) அப்பம் வாங்கிவிட்டு க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து காசு கட்டுகிறார். 2020-இல் கோவிட் காலத்தில் மைசெஜாத்தெரா செயலி வந்தபோது லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) இருந்த கிழவிகள்கூட கடை வாசலில் ஸ்கேன் செய்யக் கற்றுக்கொண்டார்கள். அதற்கெல்லாம் யாரும் எங்களை ஹோட்டலுக்குக் கூப்பிட்டு மூன்று நாள் பயிற்சி கொடுக்கவில்லை.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன், இதை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள். தோட்டத்தின் உள்ளே, லைன் இல்லாத இடத்தில் நின்றுகொண்டு அண்ணன் எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார், நான் பக்கத்தில் இருந்தேன். போகவில்லையே என்றேன். "கடிகாரம் போட்டிருக்கும்மா, ரோட்டுக்குப் போனா அதுவா போயிடும்" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு சின்னக் கடிகாரப் படம், அப்புறம் ஒரு டிக், அப்புறம் இரண்டு டிக், பார்த்துவிட்டால் நீலம். அந்த நீல நிறம் 2014-இல்தான் வந்தது, இன்றைக்கு அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் லயத்தில் கேட்டால் எட்டு வயதுப் பிள்ளை சொல்லும். உங்கள் செயலியில் அதே இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு சிவப்புப் பெட்டி வருகிறது, பிழை, மீண்டும் முயலவும் என்று. எழுதியது இருக்கிறதா போய்விட்டதா என்று அது சொல்வதில்லை. மனிதனுக்கு அந்த ஒன்றுதான் தெரிய வேண்டும்.

இந்த மடலை எழுத உட்கார்ந்தபோது பழைய கதைகள் கொஞ்சம் தேடிப் படித்தேன். சொந்தக் காசில் வாங்கிய பொருளின் பழக்கம் வேலைக்குள் வருவது புதிதே இல்லையாம். 1979-இல் ஆப்பிள் 2 கணினிக்கு விசிகால்க் என்ற கணக்குத்தாள் வந்தபோது, கம்பெனிக் கணினிப் பிரிவைக் கேட்காமலே கணக்கு எழுதுபவர்கள் அந்தக் கணினியை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார்கள். 2007-இல் ஐபோன் வந்தது, அலுவலக மெயில் என்றால் பிளாக்பெரிதான் என்று இருந்த இடங்களில் மேலதிகாரிகளே தங்கள் ஐபோனைக் கொண்டுவந்து இதிலும் மெயில் வர வேண்டும் என்று நின்றார்கள், அடுத்த வருடமே அலுவலக மெயிலுக்கு ஆப்பிள் வழி செய்தது. கம்பெனிகளுக்கு மென்பொருள் செய்யும் எஸ்ஏபி போன்ற பெரிய நிறுவனமே 2013-இல் ஃபியோரி என்று கொண்டுவந்து, ஒருவருக்கு என்ன வேலையோ அதற்கு மட்டும் ஒரு திரை என்று மாற்ற ஆரம்பித்தது. அப்படியிருக்க, 555 நோட்டும் வாட்ஸ்அப்பும் சேர்ந்த எங்கள் முறையை ஒழுங்கீனம் என்று போன வருடச் சுற்றறிக்கையில் எழுதினீர்களே, அது எனக்கு மனவருத்தம்தான். கேட்க ஆள் இல்லாத இடத்தில், எங்களுக்கு இப்படி வேண்டும் என்று மண்டோர்கள் செய்து காட்டியது அது.

என் கணிப்பில் காரணம் இதுதான். பாசார் மாலாமில் அப்பம் விற்கும் அக்காவுக்கு ஒரு செயலி பிடிக்கவில்லையென்றால் அன்றைக்கே அழித்துவிட்டு வேறொன்று போட்டுக்கொள்வார். அந்தச் செயலியைச் செய்தவருக்கு அந்தப் பயம் தினமும் இருக்கிறது, அதனால் அக்காவின் விரல் எங்கே தடுமாறுகிறது என்று கவனித்துக்கொண்டே இருப்பார். உங்கள் செயலியை வாங்கியவர் கோலாலம்பூரில் இருக்கிறார், அவர் பார்ப்பது அறிக்கையை, தொடுவது கணினியின் மௌஸை, குளிர் அறையில். மண்டோரால் அதை அழிக்க முடியாது. பிடிக்காததை அழிக்க முடியாதவன் வேறு என்ன செய்வான், சுற்றி வேறு வழி போவான். காசு கொடுப்பவர் கேட்டதைச் செய்து கொடுத்தீர்கள், உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் மண்டோர் என்ன கேட்பார் என்று யாரும் கேட்கவில்லை.

இதில் சம்பளம் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு பேசுகிறேன். எங்களிடம் 1127 என்று ஒருவர், 1172 என்று ஒருவர். செயலியில் நம்பர் மட்டும்தான் தெரியும், பெயர் வராது. ஒரு மாதம் இந்தோனேசியாவின் லொம்போக்கிலிருந்து வந்த ஒரு பிள்ளையின் மூன்று நாள் குலை இன்னொருவர் கணக்கில் ஏறிவிட்டது, அடித்தது நான், ராத்திரி ஒன்பதரை மணிக்கு. அந்தப் பையன் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் வாசலில் நின்றான். சரிசெய்ய அடுத்த மாதம் ஆனது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) என்று 2025 பிப்ரவரியில் வந்தது, ஊருக்குப் பணம் அனுப்புகிறவனுக்கு அதில் மூன்று நாள் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். கைப்பேசியில் பணம் அனுப்பும் டூயிட்நவ்வில் பத்து வெள்ளி அனுப்பினால்கூட யாருக்குப் போகிறது என்று பெயரைக் காட்டிவிட்டுத்தான் கேட்கும். பத்து வெள்ளிக்கு இருக்கிற அந்த ஒரு வரி, ஒருவருடைய மாதச் சம்பளத்துக்கு இல்லை.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2020 ஆகஸ்டில் அமெரிக்காவில் சிட்டிபேங்க், ரெவ்லான் கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு 7.8 மில்லியன் டாலர் வட்டி அனுப்ப நினைத்து 900 மில்லியனுக்குக் கிட்ட அனுப்பிவிட்டது. மூன்று பேர் பார்த்துத்தான் ஒப்புதல் கொடுத்தார்கள். திரையில் மூன்று கட்டங்களில் குறி போட வேண்டியிருந்தது, ஒன்றில் போட்டால் போதும் என்று மூன்று பேருமே நினைத்துவிட்டார்கள். இவ்வளவு பணம் வெளியே போகிறது, சரியா என்று அந்தத் திரை அவர்களுக்குப் புரிகிற மாதிரி கேட்கவில்லை. வழக்கு 2022 வரைக்கும் இழுத்தது. அவர்கள் கவனமில்லாதவர்கள் இல்லை, எங்கள் மண்டோர் அண்ணனைப் போலத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கசப்பானது. கைப்பேசிச் செயலிகளிலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டதும் உண்டு, ஆனால் எடுக்கக் கூடாததை எடுத்தீர்கள். யார் அதிகக் குலை வெட்டினார்கள் என்று தினமும் முதல், இரண்டாவது, மூன்றாவது இடம், தங்க நட்சத்திரம். விளையாட்டுச் செயலியில் அது சரி. இங்கே என்ன ஆனது தெரியுமா, நட்சத்திரத்துக்காக இளம்பிள்ளைகள் காயையும் சேர்த்து வெட்ட ஆரம்பித்தார்கள், தரையில் உதிர்ந்த பழத்தைப் பொறுக்காமல் அடுத்த மரத்துக்கு ஓடினார்கள். காயில் எண்ணெய் குறைவு, உதிர்ந்த பழத்தில்தான் எண்ணெய் அதிகம், இது உங்களுக்கு எழுதிக் கொடுத்த யாரும் சொல்லவில்லையா? ஆலையிலிருந்து தரம் குறைவு என்று சீட்டு வந்தது, திட்டு வாங்கியது மண்டோர். இரண்டு மாதத்தில் எடுத்துவிட்டீர்கள், அதற்கு நன்றி. ராத்திரி பத்து மணிக்கு வரும் அறிவிப்புச் சிவப்புப் புள்ளி இன்னும் இருக்கிறது, அதையும் எடுத்துவிடுங்கள். காலை நாலரைக்கு எழுந்திருக்கும் மனிதர்கள் இவர்கள்.

அதற்காக எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லவில்லை. என் கைப்பேசியில் இப்போது தொழிலாளர்களின் கடப்பிதழ்ப் படங்கள், மருத்துவச் சீட்டுகள், வங்கிக் கணக்கு எண்கள் எல்லாம் பேரப்பிள்ளையின் பிறந்தநாள் படங்களோடு கலந்து கிடக்கின்றன. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இலேயே நிறைவேறிய நாட்டில் இது சரியில்லை என்று எனக்குத் தெரியும். இந்தக் கைப்பேசி தொலைந்தால் ஒரு மாதக் கணக்குக்கு ஆதாரம் போய்விடும். ஒழுங்கான செயலி வேண்டும், அதை வேண்டாம் என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் செயலி முழுக்க ஆங்கிலம். எங்கள் மண்டோர்களில் மூன்று பேர் தமிழ்ப்பள்ளியோடு நின்றவர்கள், பழம் வெட்டுகிறவர்களில் பாதிப் பேர் இந்தோனேசியாவும் பங்களாதேஷும். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1980-களிலேயே முரசு அஞ்சல் செய்து கணினியில் தமிழைக் கொண்டுவந்தார், 2005-இல் கைப்பேசியில் தமிழில் எழுதச் செல்லினம் வந்துவிட்டது. இவ்வளவு வருடம் கழித்து அதே நாட்டில் தமிழ் மண்டோருக்குச் செய்த செயலியில் ஒரு தமிழ் எழுத்து இல்லையே என்று கேட்பதில் தப்பில்லை என்று நினைக்கிறேன். எழுத்தே வேண்டாம் என்றாலும் சரி, பேசினால் பதிவாகட்டும். "பிளாக் பன்னிரண்டு, ஆயிரத்து நூற்று இருபத்தேழு, பழம் முப்பத்தெட்டு, காய் ரெண்டு" என்று அவர் வாயால் சொல்லி எண்ணிக்கொண்டேதான் போகிறார், கேட்க மட்டும்தான் ஆள் இல்லை.

நான் கேட்பது பெரிதில்லை. லைன் இல்லாவிட்டாலும் எழுதியது கைப்பேசியிலேயே தங்கட்டும், கடிகாரம் காட்டட்டும். நம்பருக்குப் பக்கத்தில் பெயரும் முகமும் வரட்டும். நேற்று எந்த பிளாக்கில் இருந்தாரோ அதற்கு அடுத்த பிளாக்கை இன்றைக்கு முதலில் காட்டட்டும், வரிசையாகத்தானே வெட்டிக்கொண்டு போகிறோம். தவறாகப் போட்டதை அங்கேயே திருத்த ஒரு வழி இருக்கட்டும், திருத்தினார் என்று எழுதி வையுங்கள், பரவாயில்லை.

ஆனால் இதையெல்லாம் நான் சொல்லி நீங்கள் செய்தால் அதுவும் ஒரு கிராணி நாற்காலியில் உட்கார்ந்து சொன்னதுதான். அதனால் வாருங்கள். கூட்ட அறைக்கு வேண்டாம், படம் போட்டுக் காட்டவும் வேண்டாம். ஐந்தே முக்காலுக்குப் பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது), அதற்கு முன்னால் வந்தால் அலுவலகத்தில் தேநீர் போட்டு வைக்கிறேன். மண்டோர் அண்ணனோடு நடந்து போங்கள், அவர் எண்ணும்போது குறுக்கே பேசாதீர்கள், எண்ணிக்கை தவறிவிடும். பூட்ஸ் இல்லையென்றால் ஸ்டோரில் இருக்கிறது, அளவு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெயில் நாளாகப் பார்த்து வர வேண்டாம், அக்டோபர் நவம்பரில், மழையில் வாருங்கள்.

அன்புடன்,
ஒரு செக்ரோல் கிராணி
சுங்கை சிப்புட், பேராக்