இருசக்கர வாகன டயருக்கும் 5 விழுக்காடு வரி வேண்டும்: ஜிஎஸ்டி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒன்றிய நிதியமைச்சர் அவர்களுக்கும், ஜிஎஸ்டி மன்றத்தில் உறுப்பினர்களாக உள்ள மாநில அமைச்சர்களுக்கும் வணக்கம்.

சென்னையில் உணவுப் பொட்டலங்களை வீடுகளுக்குக் கொண்டு சேர்த்துப் பிழைப்பவன் நான். நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வண்டி ஓட்டுவதால், பின்சக்கர டயர் எனக்கு ஓராண்டு முழுவதும் தாங்குவதில்லை. சென்ற மழைக்காலத்தில் டயரின் பட்டன் தேய்ந்து மொட்டையாகிவிட்டது என்று தெரிந்தும், வீட்டு வாடகை கொடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். ஒரு மாலை, மேம்பாலத்தின் இறக்கத்தில் பிரேக் பிடித்தபோது பின்சக்கரம் பக்கவாட்டில் வழுக்கி, வண்டியோடு விழுந்தேன். பின்னால் வந்த பேருந்து சற்றுத் தொலைவில் இருந்ததால்தான் இம்மடலை எழுத முடிகிறது.

டயரின் பள்ளங்கள் வெறும் அலங்காரமல்ல. சாலையில் தேங்கிய நீரை வெளியேற்றி, ரப்பர் தரையைப் பற்றிக்கொள்ளச் செய்பவை அவையே. அதனால்தான் இருசக்கர வாகன டயரில் பள்ளத்தின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. மாற்றியே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டளையிடும் பொருளுக்கு, அதே அரசு எவ்வளவு வரி வாங்கலாம் என்பதே என் கேள்வி.

2017 ஜூலை முதல் 28 விழுக்காடாக இருந்த வரியை, 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடாகத் தாங்கள் குறைத்ததை நன்றியுடன் நினைக்கிறேன். வரி நீங்கலாக 1,800 ரூபாய் விலையுள்ள டயர், முன்பு 2,304 ரூபாய்க்கு வந்தது. இப்போது 2,124 ரூபாய். ஆனால் அதே நாளில் டிராக்டர் டயருக்கான வரி 5 விழுக்காடாகக் குறைந்தது. சைக்கிள் டயருக்கும் 5 விழுக்காடுதான். உழவரின் டிராக்டர் பிழைப்புக்கான கருவி என்று ஏற்றுக்கொண்டது மிகச் சரியான முடிவு. என் வண்டியும் அத்தகைய கருவிதான் என்பதைத் தாங்கள் ஏற்க வேண்டும். 5 விழுக்காடாக இருந்தால் அதே டயர் 1,890 ரூபாய்க்குக் கிடைக்கும். மிஞ்சும் 234 ரூபாய் எனக்கு ஒரு நாள் பெட்ரோலுக்குப் போதும்.

வரிப் பதிவு பெற்ற நிறுவனங்கள், தொழிலுக்காக வாங்கும் பல பொருள்களுக்குக் கட்டிய வரியைத் தம் வரிக்கணக்கில் கழித்துக்கொள்கின்றன. பதிவு பெறும் அளவுக்கு வருமானம் இல்லாத எங்களுக்கு அந்த வழியில்லை. கடைக்காரர் போடும் வரி முழுவதையும் நாங்களே சுமக்கிறோம். மின்சார ஸ்கூட்டருக்கு 5 விழுக்காடு வரி விதித்து மக்களை அதன் பக்கம் அழைக்கிறீர்கள். அதை வாங்கியவரும் டயர் தேய்ந்தால் 18 விழுக்காடு கட்டியே புதியது மாட்ட வேண்டியிருக்கிறது.

வரி குறைந்தால் வருவாய் இழப்பு ஏற்படும் என்பதை அறிவேன். எல்லா டயர்களுக்கும் நான் கேட்கவில்லை; இருசக்கர வாகனங்களின் டயருக்கும் டியூபுக்கும் மட்டுமே கேட்கிறேன். காசு கூடும்வரை மொட்டை டயரில் ஓடுகிறவர்கள் என்னைப் போல் இந்நகரில் பலர் உள்ளனர். அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், மன்றத்தின் கூட்டமொன்றில் இக்கோரிக்கையை எடுத்துக்கொள்ளுமாறும், அதைத் தமிழ்நாட்டு அரசின் சார்பில் நம் அமைச்சர் முன்மொழியுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சென்னையில் உணவு விநியோகிக்கும் தொழிலாளி ஒருவன்